30 லட்சம் சம்பளத்தில் கைக்கு வருவது எவ்வளவு?

ஆசிரியருக்கு,

வளாகத் தேர்வில் கடலூர் மாவட்ட மாணவர்கள் சிலருக்கு ஆண்டுக்கு 30 லட்சம் ரூபாய் சம்பளம் என்ற செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். மகிழ்ச்சி. ஆனால் அதை 12-ஆல் வகுத்து மாதம் இரண்டரை லட்சம் என்று வீட்டார் கணக்குப் போடுவது சரியல்ல. நிறுவனம் செலுத்தும் வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை ஒதுக்கீடு இரண்டும் அந்த 30 லட்சத்திலேயே அடக்கம். அடிப்படைச் சம்பளம் அதில் பாதி, வைப்பு நிதி அதற்கு 12 சதவீதம் என்று கொண்டால், வைப்பு நிதியும் பணிக்கொடையும் போக மொத்தச் சம்பளம் ஏறத்தாழ 27.48 லட்சம்தான். 2025-26 நிதியாண்டின் புதிய வரிமுறையில் சம்பளத்தில் வரி போடாமல் கழிக்கப்படும் நிலைக்கழிவு 75,000 ரூபாய் போக, 24 லட்சம் வரை வரி 3 லட்சம். அதற்கு மேல் 30 சதவீதம். அந்த வரியின் மேல் 4 சதவீத செஸ் என்னும் கூடுதல் வரியும் சேர்ந்தால் மொத்த வரி 3.97 லட்சம். ஊழியரின் வைப்பு நிதிப் பங்கு 1.8 லட்சத்தையும் கழித்தால், மாதம் கைக்கு வருவது 1.81 லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. தொழில்வரி சிறு தொகை, விட்டுவிடலாம். செயல்திறன் ஊக்கத்தொகையும் அந்த 30 லட்சத்துக்குள் இருந்தால் மாதச் சம்பளம் இன்னும் இறங்கும்.

கல்லூரிகள் நிலையான மாதச் சம்பளத்தையும் ஊக்கத்தொகையையும் பிரித்து அறிவிக்க வேண்டும். தாங்களும் அவ்வாறே வெளியிட்டால், சேருமுன்பே வீட்டுக்கடன் விசாரிக்கும் குடும்பங்களுக்கு உதவும்.

– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்.