கோயில் வாசற்கதவும் கொல்லர் பயிற்சியும்: மொரீசியஸ் தமிழ்க் கோயில் நிர்வாகக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய நிர்வாகக் குழுத் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

திருப்பணிக் காலத்தில் வாசற்கதவு, மதிலின் கம்பித் தடுப்பு, படிக்கட்டின் கைப்பிடி ஆகியவற்றுக்கான இரும்பு வேலையை நீங்கள் வெளியே கொடுக்கும்போது, அதில் ஒரு பகுதியையாவது உலையில் காய்ச்சி அடித்துச் செய்யும் கொல்லரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும், அவர் பயிற்சி மாணவர் ஒருவரைக் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். ரோஸ் ஹில் பக்கத்தில் இரும்பு வேலை செய்து பிழைப்பவன் என்ற முறையில் இதில் எனக்கும் ஆதாயம் உண்டு என்று நீங்கள் நினைக்கலாம். இருக்கட்டும்; என் பட்டறைக்கு ஒரு வேலைகூட வராமல் போனாலும் இந்தக் கோரிக்கை அப்படியே நிற்கும்.

லா பூர்தொனே 1735-இல் ஆளுநராக வந்து போர்ட் லூயிஸ் நகரைக் கட்டியெழுப்பியபோது, அதற்காகப் பாண்டிச்சேரியிலிருந்து கைவினைஞர்களை வரவழைத்தார் என்பதை நம் பிள்ளைகள் பள்ளியிலேயே படிக்கிறார்கள். 1834-இல் ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்குவதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, தொழில் தெரிந்தவர்களாக நம்மவர்கள் இத்தீவில் கால்வைத்திருக்கிறார்கள். பிறகு கரும்பு ஆலைகளை ஒட்டிய பட்டறைகளில் கொல்லருக்கு வேலை இருந்தது. அன்று தீவெங்கும் இருந்த ஆலைகளில் இன்று மிஞ்சியிருப்பவை மூன்றே. ஆலை மூடியபோது அங்கே இருந்த உலையும் அணைந்தது. உலை அணைந்த இடத்தில் பழகுவதற்குப் பையன் எங்கிருந்து வருவான்?

இன்று சந்தையில் கிடைக்கும் பெரும்பாலான ‘அலங்காரக் கதவுகள்’ வார்ப்பில் எடுத்த பூக்களையும் இயந்திரத்தில் வளைத்த சுருள்களையும் வாங்கி, மின்பற்றவைப்பால் ஒட்டிச் சாயம் பூசியவை. பற்றவைப்பவரின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை; அவரும் என் தோழரே. ஆனால் அது வேறு தொழில். கலைக் கொல்லர் ஓர் இலையைச் செய்வதைப் பாருங்கள். கம்பியின் நுனியை மஞ்சள் நிறம் வரும்வரை காய்ச்சி, பட்டடைக் கல்லின் விளிம்பில் வைத்துக் கழுத்தை ஒடுக்குகிறார். முனையைக் கூராக்கி, நடுவைத் தட்டி அகலமாக்குகிறார். மீண்டும் காய்ச்சி, மழுங்கிய உளியால் நடுநரம்பை இறக்கி, பட்டடைக் கல்லின் கூம்பிய முனையான கொம்பில் வைத்து இலையைச் சற்றே சுழிக்கிறார். இரும்பின் நிறத்தைக் கண்ணால் பார்த்தே அவர் சூட்டைக் கணிக்கிறார். இரண்டு துண்டுகளைத் தீயிலேயே ஒட்டுவதற்கு ஏறத்தாழ 1,300 பாகை செல்சியஸ் வேண்டும்; அந்த வெண்மஞ்சள் நிறத்தைத் தாண்டி ஒரு கணம் விட்டாலும் இரும்பு பொறிவிட்டு எரிந்துபோகும். இதைப் படம் பார்த்துக் கற்க முடியாது.

பம்ப்ளமூஸ் தாவரவியல் பூங்காவின் வெள்ளை வாசற்கதவை நீங்கள் எல்லோரும் கடந்து போயிருப்பீர்கள். 1862-ஆம் ஆண்டின் லண்டன் கண்காட்சியில் அது பரிசு பெற்றது என்று சொல்வார்கள். அதை அன்பளித்த லியெனார் இந்தியாவில் பிறந்தவர். எத்தனையோ புயல்களைக் கண்டும் அது நிற்கிறது. கடல் உப்பு கலந்த காற்றடிக்கும் நாட்டில் இரும்பின் ஆயுளைத் தீர்மானிப்பது மேல்பூச்சு மட்டும் அன்று, நீர் தங்காதபடி இணைப்புகளை அமைக்கும் அறிவும்தான். துத்தநாக முலாம் பூசிவிட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். ஏறத்தாழ 450 பாகைச் சூட்டில் உருகிய துத்தநாகத்தில் முக்கினால் பாதுகாப்புக் கிடைக்கும் என்பது உண்மையே. ஆனால் முலாமுக்கு முன் கழுவும் அமிலம் கம்பிகளைச் சேர்த்துப் பிடிக்கும் கட்டுவளையங்களின் இடுக்கில் தங்கிவிட்டால் துரு உள்ளிருந்தே கிளம்பும், உளி இறக்கிய நுண்ணிய கோடுகளும் முலாமில் மூடிப்போகும். எங்கே முலாம், எங்கே துத்தநாகத் தெளிப்பு, எங்கே வெறும் சாயம் என்பதை வரையும்போதே முடிவுசெய்யத் தெரிந்தவரே கலைக் கொல்லர்.

பயிற்சி என்று நான் கேட்பது என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் தீயைப் பேணுதல், நீட்டுதல், தடிக்கச் செய்தல், பிளத்தல், துளையிடுதல், தீயில் ஒட்டுதல். தன் குறடுகளைத் தானே செய்துகொள்ளுதல். இதற்கே ஓராண்டு போய்விடும். கூடவே சித்திரம் பழக வேண்டும். கதவை முழு அளவில் தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்து, கம்பியைச் சுடச்சுட அந்தக் கோட்டின்மேல் வைத்துச் சரிபார்ப்பதுதான் எங்கள் வழக்கம். மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் நுண்கலைப் பள்ளி இருக்கிறது. அங்கே சித்திரமும் பட்டறையில் சுத்தியலுமாக ஒரு மாணவர் வளரலாம். பழைய முலாம் பூசிய குழாயை உலையில் போட்டால் வரும் வெண்புகை காய்ச்சலையும் மூச்சுத்திணறலையும் தரும் என்பதை முதல் நாளே சொல்லிக்கொடுக்க வேண்டும். இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் இடத்தை அளத்தல், விலை போடுதல், சுவரில் பொருத்துதல். எடைக்கு விலை பேசும் பழக்கம் இத்தொழிலைக் கொன்றுவிடும்; உழைத்த நேரத்துக்கே விலை பேச வேண்டும்.

பிரான்சில் கலை இரும்பு வேலைக்கென அரசுச் சான்றிதழ் படிப்பு இருக்கிறது. பிரெஞ்சு தெரிந்த நம் பிள்ளைகளுக்கு அந்த வாசல் மூடியதன்று. பிரிட்டனில் கலைக் கொல்லர்கள் 1978-இலும், வட அமெரிக்காவில் 1973-இலும் தங்களுக்கெனச் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். ஆனால் படிப்பும் சங்கமும் சோறு போடாது. வேலை வந்தால்தான் கொல்லர் நிலைப்பார். போலந்துப் பகுதியிலிருந்து பிலடெல்பியாவுக்குக் குடிபெயர்ந்த சாமுவேல் யெலின் 1909-இல் சொந்தப் பட்டறை தொடங்கினார். தேவாலயங்களும் பல்கலைக்கழகங்களும் வங்கிகளும் தொடர்ந்து வேலை கொடுத்ததால், 1920-களில் அவரிடம் 200-க்கும் மேற்பட்டோர் பணியாற்றினர். நியூயார்க் மத்திய ரிசர்வ் வங்கிக் கட்டடம் ஒன்றுக்கே ஏறத்தாழ 200 டன் இரும்பு வேலை அங்கே நடந்தது. பெரும் பொருளாதார வீழ்ச்சியில் கட்டட வேலைகள் நின்றதும் பட்டறையும் சுருங்கிப்போனது. திறமை அவரிடம் குறையவில்லை; கேட்பவர்கள்தான் குறைந்தார்கள்.

இத்தீவில் தேவாலயத்துக்கும் வங்கிக்கும் உரிய அந்த இடத்தை நம் கோயில்கள் எடுத்துக்கொள்ள முடியும். கோபுரச் சுதை வேலைக்குத் தமிழ்நாட்டுச் சிற்பிகளை வரவழைக்கிறோம். அந்த மரபு தொடரட்டும். ஆனால் அவர்கள் வேலை முடிந்து ஊர் திரும்பும்போது கைத்திறனும் கூடவே கப்பலேறிவிடுகிறது. இரும்பு வேலையிலாவது அது இங்கேயே தங்கட்டும். மயில், வேல், தாமரை, யாளி என்று நமக்கே உரிய வடிவங்கள் இருக்க, ஐரோப்பிய மாளிகைக்கு வரைந்த சுருளை முருகன் சன்னதி முன் மாட்டுவது எனக்கு உறுத்துகிறது. சென்ற திருப்பணியில் ஒரு கோயிலில் அப்படி மாட்டிய கதவின் ஒட்டுகள் இரண்டே மழைக்காலத்தில் துருவழிந்தன. அதைப் பிரித்துப் பழுதுபார்த்தவன் நான்.

தமிழ்நாட்டில் இத்தொழில் பிறப்போடு கட்டப்பட்டிருந்தது. இங்கே அந்தக் கட்டு வேண்டாம். எந்தக் குடும்பத்துப் பிள்ளையானாலும், பெண்ணானாலும், தீயின் முன் நிற்க விரும்பினால் இடம் கொடுக்க வேண்டும். சம்மட்டி வீச்சில் பலத்தைவிடப் பதம் அறிவதே பெரிது.

ஆகவே, அடுத்த திருப்பணிக்கு விலைப்புள்ளி கேட்கும் தாளில் மூன்று வரிகளைச் சேருங்கள்: குறிப்பிட்ட பகுதி உலையில் அடித்துச் செய்யப்பட வேண்டும்; பயிற்சி மாணவர் ஒருவர் ஊதியத்துடன் பணியாற்ற வேண்டும்; கரியும் இரும்பும் வாங்க முன்பணம் தரப்படும். தைப்பூசக் காவடிக்குப் பின் பல குழுக்கள் ஆண்டுக் கூட்டம் நடத்துகின்றன. அக்கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள். அழைத்தால் மாதிரித் துண்டுகளுடன் வந்து விளக்கம் சொல்ல நானும் என் தோழர்களும் ஆயத்தமாக இருக்கிறோம்.

பணிவுடன்,
ரோஸ் ஹில் கொல்லுப் பட்டறைத் தொழிலாளி ஒருவன்