பாக்கெட்டில் இனி பறித்த மாதமும் இருக்கும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, குன்னூரிலிருந்து வணக்கம்.

இந்த வாரம் முதல் எங்கள் லீஃப் டீ பாக்கெட்டுகளில் ரகத்தின் பெயருக்குக் கீழே ஒரு வரி கூடுதலாக இருக்கும். எந்தப் பக்கத்துத் தோட்டம், எந்த மாதம் பறித்த கொழுந்து என்று அதில் போட்டிருப்போம். எதற்காக இந்த வரி என்று சொல்லவே இந்த மடல்.

கடைக்கு வருகிறவர்களிடம் "இப்ப என்ன குடிச்சிட்டு இருக்கீங்க?" என்று கேட்பது எங்கள் வழக்கம். முன்பெல்லாம் "லீஃப் டீதான்" என்பதோடு பதில் முடிந்துவிடும். இப்போது ஒருவர் டார்ஜிலிங் ஃபர்ஸ்ட் ஃப்ளஷ் என்கிறார். இன்னொருவர் கோத்தகிரிப் பக்கத்துப் பனிக்காலத் தேயிலையை விட்டு வேறெதற்கும் மனசு வரவில்லை என்கிறார். கொழும்பிலிருந்து வந்த சொந்தக்காரர் கொடுத்த ஊவா தேயிலையை ஒரு அக்கா சின்ன டப்பாவில் போட்டு எங்களுக்கும் கொண்டுவந்து தந்தார். கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. கூடவே இரண்டு கேள்விகளும் அடிக்கடி வருகின்றன. "போன தடவை இருந்த மணம் இந்தத் தடவை இல்லையே?" என்பது ஒன்று. "உங்க கடையில குடிச்ச மாதிரி வீட்ல வரமாட்டேங்குதே?" என்பது மற்றொன்று. இரண்டுமே நியாயமான கேள்விகள்.

முதல் கேள்விக்கு வருவோம். டீக்கடையில் பாலில் போடும் தூள் சிடிசி முறையில் செய்தது. காற்றில் பரப்பி வாட்டிய இலையைப் பல் வைத்த உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்கி, கிழித்து, குறுணையாக்குவார்கள். 1930களில் அசாமில் பிறந்த முறை இது. சாயம் சீக்கிரம் இறங்கும், பாலுக்கு ஈடுகொடுக்கும். பல தோட்டத்துத் தூள்களைக் கலந்து வருடம் முழுக்க ஒரே ருசி வரும்படியும் பார்த்துக்கொள்வார்கள். பால் டீக்கு அதுதான் சரி. பால் சேர்த்துத்தான் குடிப்பேன் என்கிறவர்களுக்கு நாங்கள் இன்றும் சிடிசிதான் எடுத்துக் கொடுக்கிறோம்.

லீஃப் டீ ஆர்த்தடாக்ஸ் முறையில் வருவது. கொழுந்தை வாட்டி, உருட்டிச் சுருட்டி, காற்றில் நிறம் மாறவிட்டு, பிறகு உலர்த்துவார்கள். இலை பெரும்பாலும் இலையாகவே இருக்கும். நாங்கள் எடுப்பது ஒரே தோட்டத்தில் ஒரே பருவத்தில் பறித்த சரக்கு. அதனால் அந்த மாதத்து வெயில், மழை, குளிர் எல்லாம் ருசியில் அப்படியே தெரியும்.

நீலகிரியில் வருடம் முழுக்கக் கொழுந்து பறிக்கிறோம். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் இங்கே கிடைக்கிறது. மழை விடாமல் பெய்யும் மாதங்களில் கொழுந்து மளமளவென்று வரும். மணம் குறைவாக இருக்கும். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை நிலைமை தலைகீழ். பகலில் நல்ல வெயில், ராத்திரியில் சில இடங்களில் பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிர். செடி மெல்லத்தான் துளிர்க்கும். பறிக்கக் கிடைப்பது கொஞ்சம்தான், ஆனால் மணம் முழுக்க அந்தக் கொஞ்சத்துக்குள் சேர்ந்துவிடும். ஃப்ராஸ்ட் டீ என்று நீங்கள் கேட்டு வாங்குவது இதைத்தான். பேரைக் கேட்டுவிட்டு, உறைபனி விழுந்த இலையில் செய்ததா என்று சிலர் கேட்கிறார்கள். அப்படியில்லை. உறைபனி நேராக விழுந்தால் கொழுந்து கருகிப்போகும், அதில் டீ செய்ய முடியாது. அதற்குப் பயந்துதான் தாழ்வான நிலத்து விவசாயிகள் தாகைச் செடியை வெட்டிவந்து தேயிலையின் மேல் போட்டு மூடுகிறார்கள், விடிகாலையில் தண்ணீர் தெளிக்கிறார்கள். அந்தக் குளிரில் கருகாமல் தப்பித்த கொழுந்துதான் உங்கள் கோப்பைக்கு வருகிறது. ஜனவரி பாக்கெட் வாங்கிப் பழகியவருக்கு ஜூலை பாக்கெட் வெறும் தண்ணீராகத் தோன்றினால் அவர் நாக்கு சரியாகத்தான் வேலை செய்கிறது.

டார்ஜிலிங் கதை வேறு. அங்கே குளிர்காலத்தில் செடி ஓய்வெடுக்கும், பறிப்பே கிடையாது. பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ முதல் துளிர் வரும். அதுதான் ஃபர்ஸ்ட் ஃப்ளஷ். அதை ரொம்பவே வாட்டுவார்கள். ஈரம் அவ்வளவு போய்விடுவதால் இலை முழுக்க நிறம் மாறாது. குடித்து முடித்ததும் டீ போட்ட பாத்திரத்தில் இருக்கும் இலையை எடுத்து ஒரு வெள்ளைத் தட்டில் விரித்துப் பாருங்கள். பாதி இலை பச்சையாகவே இருக்கும், ஓரங்கள் மட்டும் செம்பு நிறத்தில் இருக்கும். பிளாக் டீ என்று விற்றுவிட்டு கிரீன் டீயைக் கலந்துவிட்டார்களோ என்று சந்தேகப்பட வேண்டாம். அதன் பக்குவமே அப்படி.

மே, ஜூனில் வரும் செகண்ட் ஃப்ளஷ்ஷில் பழுத்த திராட்சை மாதிரி ஒரு மணம் இருக்கும். அதற்கு ஒரு பூச்சியும் காரணம். தத்துப்பூச்சி இளங்கொழுந்தின் சாற்றை உறிஞ்சும்போது, செடி தன்னைக் காத்துக்கொள்ளச் சில வாசனைப் பொருள்களைச் சுரக்கிறது. அந்த மணம்தான் கோப்பை வரை வருகிறது. தைவானில் ஓரியண்டல் பியூட்டி என்ற ஊலாங் தேயிலைக்கும் இதே வகைப் பூச்சிதான் பேர் வாங்கிக் கொடுத்தது. பூச்சியே வராத வருடத்தில் அந்த மணத்தை எந்தத் தொழிற்சாலையாலும் வரவழைக்க முடியாது.

அக்கா கொண்டுவந்த ஊவாவைக் காற்று செய்த தேயிலை என்றே சொல்லலாம். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை இலங்கை மலைகளின் மேற்குச் சரிவிலேயே கொட்டிவிட்டு, பதுளை, பண்டாரவளைப் பக்கம் வறண்ட காற்றாக இறங்குகிறது. கச்சான் என்று அங்கே சொல்கிறார்கள். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை அந்தக் காற்றில் காய்ந்து வளரும் கொழுந்தில், குடித்ததும் தொண்டையில் மெந்தால் போல ஒரு குளிர்ச்சி தெரியும். அதே மலைநாட்டின் மேற்குப் பக்கத்தில், ஹட்டன், தலவாக்கலை வட்டாரத்தில், நல்ல பருவம் ஜனவரி முதல் மார்ச் வரை. ஒரே தீவுக்குள் மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ருசியின் காலம் மாறுகிறது. நாங்கள் ஊவா விற்பதில்லை. இருந்தாலும் இதை எழுதக் காரணம் உண்டு. 1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு அந்த மலைகளிலிருந்து தாயகம் திரும்பியவர்களின் குடும்பங்கள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் இன்றும் தேயிலை வேலை செய்கின்றன. இரண்டு மலையிலும் கொழுந்து பறித்த கைகள் ஒரே வீட்டில் உண்டு.

இப்படி மாதத்துக்கு மாதம் மாறுவதையெல்லாம் கலந்து ஒரே ருசியாக்கித் தரும்படி சிலர் யோசனை சொன்னார்கள். செய்ய முடியாதது இல்லை, ஆனால் செய்யப்போவதில்லை. ஜனவரியின் மணத்தை ஜூலையில் கரைத்துவிட்டால் இலைக்கென்று காசு கொடுத்து வாங்குவதில் அர்த்தம் இல்லை. மாதத்தைப் போட்டுவிடுகிறோம். பார்த்து, தெரிந்து வாங்குங்கள்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் தண்ணீரில் இருக்கிறது. குன்னூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். சென்னையில் அதே கொதி 100 டிகிரி. எங்கள் கடையில் கொதிக்கக் கொதிக்க ஊற்றினாலும் இலைக்குப் பட்ட சூடு குறைவு, உங்கள் வீட்டில் அதிகம். துவர்ப்பு தூக்கலாக இருப்பது அதனால்தான். சமவெளியில் இருப்பவர்கள் கெட்டிலை அணைத்து ஓரிரு நிமிடம் பொறுத்து ஊற்றுங்கள். டார்ஜிலிங் ஃபர்ஸ்ட் ஃப்ளஷ்ஷுக்கு இன்னும் கொஞ்சம் ஆறவிட்டு, 85 முதல் 90 டிகிரியில். கிரீன் டீக்கு 75, 80 போதும். 200 மில்லி தண்ணீருக்கு இரண்டரை கிராம் இலை, மூன்று நிமிடம். சுருண்ட பெரிய இலை எடை குறைவு, இடம் அதிகம் பிடிக்கும். ஸ்பூன் கணக்கை நம்பாமல் ஒரு தடவையாவது தராசில் நிறுத்துப் பாருங்கள். அடுப்பில் போட்டுக் கொதிக்க மட்டும் விடாதீர்கள்.

போர் தண்ணீர் இன்னொரு தொல்லை. உப்புத் தண்ணீரில் சாயம் மங்கிப்போகும், மேலே ஏடு மாதிரி ஒரு படலம் கட்டும். ஆர்ஓ தண்ணீரோ சுண்ணாம்பு குறைந்த கேன் தண்ணீரோ எடுத்துப் பாருங்கள், அதே இலை வேறு டீயாகத் தெரியும்.

வெயில் காலத்தில் ஐஸ் டீ போடுகிறவர்களுக்கும் ஒரு சேதி. நிறைய தேயிலைகள் ஆறியதும் கலங்கிவிடும். நீலகிரி லீஃப் டீ அவ்வளவாகக் கலங்காது. கண்ணாடி டம்ளரில் தெளிவாகவே நிற்கும்.

விலையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஒரு கிலோ தேயிலைக்கு நாலரை கிலோ அளவுக்குப் பச்சைத் தேயிலை வேண்டும். பனிக்காலத்தில் அந்த நாலரை கிலோ சேர அதிக நாள், அதிக ஆள் ஆகும். அதனால் ஜனவரி பாக்கெட் ஜூலை பாக்கெட்டை விட விலை கூடத்தான் இருக்கும். மாதம் போடுவதற்காக எந்தப் பாக்கெட்டின் விலையையும் ஏற்றவில்லை.

புது ரகம் எதையும் முதலில் 50 கிராம் மட்டும் வாங்குங்கள். காற்றுப் புகாத டப்பாவில், வெளிச்சம் படாமல், மசாலா அலமாரியை விட்டுத் தள்ளி வையுங்கள். தேயிலை பக்கத்து வாசனையை உடனே இழுத்துக்கொள்ளும். ஃப்ரிட்ஜ் வேண்டாம். மாதம் போடாத பழைய பாக்கெட் உங்களிடம் இருந்தால், அதிலிருக்கும் பேட்ச் எண்ணைக் கடையில் சொல்லுங்கள், பதிவேட்டைப் பார்த்து மாதத்தைச் சொல்லிவிடுகிறோம். ஏப்ரலில் டார்ஜிலிங் சரக்கு வந்ததும் மறுபடி எழுதுகிறோம். அதுவரை நீங்கள் எந்த மாதத்து இலையைக் குடிக்கிறீர்கள், எப்படிப் போடுகிறீர்கள் என்று எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் குன்னூர் தேயிலைக் கடை