என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தீவு நாடுகளில் சுற்றுச்சூழல் நோய்கள், தொழில்சார் நோய்கள் பற்றிய ஆராய்ச்சியை எப்படி வளர்ப்பது என்று சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் நடுவில் 'நீலகிரி மாதிரி மலைகளில் சுத்தமான காற்றைச் சுவாசிப்பவர்களுக்கு இந்தக் கவலை கிடையாது' என்று ஒரு வரி வருகிறதே, அதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. பதினைந்து வருஷமாக உங்கள் இதழை வாங்குகிறேன், உங்களிடமிருந்து இதை எதிர்பார்க்கவில்லை.

என் அப்பாவும் தீவிலிருந்து வந்தவர்தான். இலங்கையில் ஹட்டன் பக்கம் தோட்டத்தில் பிறந்து, 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி 1973இல் குடும்பத்தோடு இங்கே அனுப்பப்பட்டு, கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் மருந்து அடிக்கிற வேலையில் சேர்ந்தார். மழைக்காலத்தில் கொழுந்தில் கொப்புள நோய் வரும், அதற்குத் தாமிர மருந்து. அப்புறம் சிவப்புச் சிலந்திக்கு ஒன்று, களைக்கு ஒன்று. முதுகில் டேங்க், காலில் செருப்புகூடக் கிடையாது. சாயங்காலம் வந்தால் காக்கிச் சட்டையின் முதுகில் டேங்க் இருந்த இடம் மட்டும் மயில்துத்த நிறத்தில் படிந்திருக்கும். அம்மா அதை எங்கள் பள்ளிக்கூடச் சட்டைகளோடு சேர்த்தே ஓடையில் துவைப்பார்.

ஐம்பது வயதுக்குள் அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது, மூச்சு வாங்கியது. எஸ்டேட் டிஸ்பென்சரி, டவுன் ஆஸ்பத்திரி, கடைசியில் கோயம்புத்தூர். பீடி உண்டா, குடி உண்டா என்று எல்லாரும் கேட்டார்கள், என்ன வேலை என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நோயாளியிடம் அதைக் கேளுங்கள் என்று இத்தாலிய மருத்துவர் ரமாசினி சொல்லி முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது, ஐயா. அடித்த மருந்தால்தான் அப்பா போனார் என்று என்னால் சொல்ல முடியாது. அதைச் சொல்லவோ மறுக்கவோ யாரிடமும் ஒரு குறிப்பும் இல்லை, என் ஆத்திரமே அதுதான்.

உங்களுக்குத் தெரியாததல்ல, கரீபியன் கடலில் பிரான்சுக்குச் சொந்தமான குவாதலூப், மார்த்தினிக் தீவுகளின் வாழைத் தோட்டங்களில் கூன்வண்டுக்காக 1972 முதல் 1993 வரை குளோர்டெகோன் என்ற பூச்சிமருந்தைப் போட்டார்கள். இன்றும் அங்கே பெரியவர்களில் பத்துக்கு ஒன்பது பேரின் ரத்தத்தில் அது இருக்கிறது. பிள்ளைகளை அது என்ன செய்கிறது என்று பார்க்க குவாதலூப்பில் சுமார் ஆயிரம் கர்ப்பிணிகளைச் சேர்த்தார்கள், பிறந்த குழந்தைகளை வருஷக்கணக்காகத் தொடர்ந்து பார்த்தார்கள். ரத்தத்தைச் சோதிக்க பெல்ஜியத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது, அனுப்பினார்கள். தென்னமெரிக்காவில் இருந்தாலும் ஐ.நா. சிறு தீவு நாடுகளோடு சேர்த்து எண்ணும் சுரிநாமிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கர்ப்பிணிகளிடம் பாதரசத்தையும் பூச்சிமருந்தையும் பார்த்தார்கள், கூடவே அந்த ஊர்க்காரர்களுக்கே ஆராய்ச்சி செய்யப் பயிற்சி கொடுத்தார்கள். எங்களுக்குக் கடல் குறுக்கே இல்லை, கோயம்புத்தூர் சில மணி நேரப் பயணம்தான். ஆனாலும் யார் வந்தார்கள்? ஒரு தடவை ஒரு குழு வந்து எங்கள் லைன் வீடுகளில் வரிசையாக உட்கார வைத்து ரத்தம் எடுத்துக்கொண்டு போனது. முடிவு என்ன என்று இன்றுவரை சொல்லவில்லை. மற்றபடி முகாம் என்றால் பிரஷர், சுகர், அவ்வளவுதான்.

கொடைக்கானல் மட்டும் வேறா? பாதரசத் தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடப்பட்டது, 591 முன்னாள் தொழிலாளர்களுக்கு உடன்பாடு என்று ஒன்று வர 2016 ஆயிற்று. நடுவில் அத்தனை வருஷமும் நோய் பாதரசத்தால் வந்ததா இல்லையா என்ற வாதம்.

ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து அடிப்பவர்களுக்குக் கோலினெஸ்டெரேஸ் என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது, மருந்து உடம்பில் ஏறினால் குறைகிற ஒரு நொதியின் அளவைப் பார்ப்பது. அந்த அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும், அதனால் மருந்தைத் தொடுவதற்கு முன்பே ஒரு தடவை எடுத்து வைத்திருந்தால்தான் பின்னால் குறைந்ததா என்று தெரியும். மருந்து அடிப்பவர்களுக்கு உடல்நலப் பதிவேடு வேண்டும் என்று தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே 2010இல் திருத்தம் வந்தது. நான் கேட்ட மேஸ்திரிகளில் ஒருவர்கூட அப்படி ஒரு நோட்டைப் பார்த்ததில்லை. கேரட், உருளைக்கிழங்கு போடுகிற சிறு விவசாயிகளுக்கோ அந்தச் சட்டமும் கிடையாது, குருணை மருந்தை வெறும் கையால் தூவுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

நான் கேட்பது சின்ன விஷயம். அந்த வரிக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். ஊட்டியில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது, அங்கே ஓ.பி. சீட்டில் பெயர், வயதுக்குக் கீழே 'என்ன வேலை' என்று ஒரு கோடு சேர்க்கச் சொல்லி நீங்கள் எழுதினால் கேட்பார்கள், நான் எழுதினால் கேட்க மாட்டார்கள். அப்பாவின் பழைய சீட்டுகள் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இருக்கின்றன. அந்தக் கோடு ஒன்றிலும் இல்லை. தேவைப்பட்டால் நகல் எடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
வாசகி, கோத்தகிரி