மின்விசிறிக் கடைகளிலும் ஆய்வு நடக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏசியும் ஃபிரிட்ஜும் வாங்கும்போது எத்தனை ஸ்டார் என்று பார்க்கும் பழக்கம் நம்மிடையே வந்துவிட்டது. வருடம் முழுவதும் ஓடும் மின்விசிறிக்கு மட்டும் அதைக் கேட்பவர் குறைவு. மத்திய அரசு 2006-இல் தொடங்கிய ஸ்டார் முத்திரைத் திட்டத்தில் கூரை மின்விசிறிகள் நெடுங்காலம் உற்பத்தியாளரின் விருப்பத்துக்கே விடப்பட்டிருந்தன. 2023 ஜனவரியில்தான் முத்திரை கட்டாயமாக்கப்பட்டது.

பழைய வகை மின்விசிறி ஏறத்தாழ 75 வாட் இழுக்கும். குறைந்த மின்சாரத்தில் சுழலும் பி.எல்.டி.சி. வகை மோட்டார் பொருத்தியதற்கு 30 வாட் அளவே போதும். நாளொன்றுக்கு 16 மணி நேரம் ஓடினால், இரண்டு மாதத்தில் முதலாவதற்கு 72 யூனிட்டும் இரண்டாவதற்கு 29 யூனிட்டும் ஆகும். இரண்டு மின்விசிறி ஓடும் சிறிய வீட்டிலேயே 86 யூனிட் மிச்சம்.

விலை கிட்டத்தட்ட இரு மடங்கு என்றாலும், சொந்த வீட்டுக்காரர் கணக்குப் பார்த்து வாங்கிவிடுவார். வாடகை வீட்டிலோ மின்விசிறியை வாங்குபவர் ஒருவர், மின்கட்டணம் கட்டுபவர் வேறொருவர். வீட்டு உரிமையாளர் இருப்பதில் மலிவானதை மாட்டிவிட்டுப் போக, சப் மீட்டர் ஓட ஓட யூனிட்டுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் கொடுப்பவர் வாடகைக்கு இருப்பவர்தான். மேன்ஷன்களிலும் பணிபுரியும் பெண்கள் விடுதிகளிலும் இதே நிலைதான். இவர்களுக்கு முத்திரையால் பயனில்லை. மட்டமான பொருள் கடைக்கே வராமல் தடுக்கும் குறைந்தபட்சத் தரம்தான் காப்பு.

அந்தத் தடை 2001-ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. தரத்துக்கு உட்படாத சாதனத்தைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது என்று ஆணையிட மத்திய அரசுக்கும், ஆய்வு அதிகாரிகளை நியமிக்க மாநிலத்தின் பொறுப்பு அமைப்புக்கும் அது அதிகாரம் தருகிறது. தமிழ்நாட்டில் அந்தப் பொறுப்பு மின் ஆய்வுத் துறையிடம் உள்ளது. ஆனாலும் எங்கள் ஊர்க் கடைகளில், பெயர் தெரியாத மின்விசிறிகள், அந்தத் தரத்தை எட்டியதற்கு அடையாளமான முத்திரை ஒட்டாத பெட்டிகளில் அடுக்கிவைக்கப்பட்டிருப்பதையும், கட்டட ஒப்பந்தக்காரர்கள் அவற்றையே மொத்தமாக ஏற்றிச் செல்வதையும் இன்றும் பார்க்க முடிகிறது.

ஆகவே, மின் ஆய்வுத் துறை மொத்த விற்பனைக் கடைகளிலிருந்து சோதனையைத் தொடங்கி, முத்திரையில்லாச் சரக்கின் மீது நடவடிக்கை எடுத்து, அதன் விவரத்தை மாவட்டவாரியாக வெளியிட வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருநெல்வேலி.