வராத நாளைக் கவனித்தவர்களுக்கு

மூடிப்போன நம் பாரின் அன்பர்களே,

கடைசி நாள் ராத்திரி ஸ்டூல்களை வண்டியில் ஏற்றுகிற அவசரத்தில் யாருக்கும் ஒழுங்காக நன்றி சொல்லவில்லை. அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதற்காகத்தான் இந்த மடல்.

முதலில் கவுன்டர் அண்ணனுக்கு. அண்ணே, நீங்கள் கிளாஸ் கழுவுவதைப் பார்ப்பதற்காகவே நான் கவுன்டர் ஓரம் உட்கார ஆரம்பித்தேன். சோப்புப் பிசுக்கு துளி இருந்தாலும் பீரில் நுரை நிற்காது என்று பச்சைத் தண்ணீரில் மறுபடி அலசுவீர்கள். விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பீர்கள். ஊற்றிய பிறகு உள்பக்கம் குமிழி ஒட்டியிருந்தால், கழுவல் சரியில்லை என்று கொட்டிவிட்டு வேறு கிளாஸ் எடுப்பீர்கள். சுத்தமான கிளாஸில் ஒவ்வொரு மடக்குக்கும் நுரை ஒரு வளையம் விட்டுப்போகும். அந்த வளையங்களை வைத்தே நீங்கள் எங்கள் முகம் பார்த்தீர்கள். "என்ன தம்பி, மூணே மடக்குல முடிச்சிட்டீங்க?" என்று கேட்டீர்களே, அன்றைக்குக் காலையில்தான் எனக்கு வேலை போயிருந்தது. வீட்டில்கூடச் சொல்லாததை உங்களிடம் சொன்னேன். நீங்கள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, நான் பேசி முடிக்கிற வரை எதிரிலேயே நின்றீர்கள்.

அடுத்து, மூலை மேஜையில் சதுரங்கம் ஆடிய பெரியவருக்கும் லாரி ஓட்டும் அண்ணனுக்கும். என்றைக்கும் ஏழரைக்கு வருகிறவன் இரண்டு நாள் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் வேலை இருக்கும் என்று விட்டிருப்பார்கள். நீங்கள் இருவரும் ஆட்டத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு என் வீட்டுக் கதவைத் தட்டினீர்கள். தொப்புளைச் சுற்றி இருந்த வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கியிருந்தது. நான் அதை அஜீரணம் என்று நினைத்துச் சுருண்டு கிடந்தேன். குடல்வால் அழற்சி. வெடித்தால் வயிறு முழுக்கச் சீழ் பரவிவிடும், நேரத்துக்கு வந்துவிட்டீர்கள் என்றார் டாக்டர். என்னைக் கைத்தாங்கலாக இறக்கும்போது பெரியவர் என் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். ஏனோ அந்தச் செருப்புதான் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

வீடு முதல் இடம், வேலை இரண்டாம் இடம், இரண்டுமில்லாமல் மனிதர்கள் சும்மா கூடிப் பேசுவது 'மூன்றாம் இடம்' என்று அமெரிக்கச் சமூகவியலாளர் ரே ஓல்டன்பர்க் 1980-களிலேயே எழுதினார். அங்கே பேச்சுதான் முக்கியம், வாடிக்கையாக வருகிறவர்கள்தான் அந்த இடத்துக்கு உயிர் என்பது அவர் கருத்து. 'பப்' என்ற சொல்லே 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம்தானே, பொது வீடு. எனக்கு வேலை இல்லாத அந்த ஏழு மாதமும் அந்த வீடு இருந்தது. குடியால் சீரழிந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். நான் நன்றி சொல்வது பாட்டிலுக்கு இல்லை.

அதற்குச் சாட்சி என் கடைசி இரண்டு வருஷம்தான். குடியை அடியோடு விடச் சொல்லிவிட்டார்கள் என்று கூச்சத்தோடு வந்து நின்றேன். அண்ணன் ஒரு கேள்வியும் கேட்காமல் எனக்கு வழக்கமான அதே கிளாஸை எடுத்து, அதே மாதிரி விளக்கில் பார்த்து, சோடா ஊற்றி வைத்தார். பக்கத்திலிருந்த யாரும் "ஒரே ஒரு ரவுண்டு" என்று வற்புறுத்தவில்லை. அந்த மரியாதைக்கு நான் உங்கள் எல்லாருக்கும் கடன்பட்டவன்.

2020-ல் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தபோது ஏறிய வாடகைப் பாக்கியிலிருந்து கடை மீளவே இல்லை. மூடுவது என்று முடிவானதும் பாக்கி தீர்க்கப் பணம் போட்டவர்கள், கவுன்டர் பலகையை அறுக்காமல் முழுசாகக் கழற்றிக் கொடுத்த தச்சர், சுவரிலிருந்த பழைய படங்களை எல்லாருக்கும் பிரதி எடுத்து அனுப்பிய அக்கா, அத்தனை பேருக்கும் நன்றி. அக்கா, அந்தப் படங்களில் ஒன்றில் சதுரங்கப் பலகைக்குப் பின்னால் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். வேலை இல்லாத அந்த நாட்களில் நான் சிரித்தேன் என்பதே அதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

பெரியவர் தொடங்கிவைத்த செவ்வாய்க்கிழமைச் செய்தியை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள். ராத்திரி ஏழரைக்கு ஒவ்வொருவரும் ஒரே ஒரு வார்த்தை அனுப்பினால் போதும். போன வாரம் அவருடையது வரவில்லை. லாரி அண்ணன் உடனே கிளம்பிப் போய்ப் பார்த்தார். போனில் சார்ஜ் இல்லையாம். அண்ணன் போனிலிருந்தே பெரியவர் எங்களுக்கு அனுப்பினார்: "இருக்கேன்."

அன்புடன்,
கவுன்டர் ஓரத்து இரண்டாம் ஸ்டூல்