டர்பனிலிருந்து ஒரு கடிதம்: நாணலுக்குள் ஒரு தவளை

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போட்டுக்கொள். மீனாவுக்கு வரன் அமைந்துவிட்டது என்றதும் கமலாவுக்குத் தலைகால் புரியவில்லை. தேதி குறித்ததும் எழுது, டிக்கெட் போட வேண்டும்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். நீ மார்கழிப் பனியில் போர்வையை இழுத்துக்கொண்டிருப்பாய். எங்களுக்கு இது நடுக்கோடை, மழையும் இப்போதுதான். ஓய்வு பெற்றவனுக்கு மகள் வீட்டில் பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். ஒரு தவளையால் போகிறது. தெருவில் இருப்பவர்கள் சிலர் சேர்ந்து ராத்திரியில் சதுப்பு ஓரம் போய் தவளைச் சத்தம் கேட்பார்கள். அவர்களோடு நானும் போகிறேன்.

பிக்கர்ஸ்கில் நாணல் தவளை என்று பெயர். தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தின் கடற்கரையை ஒட்டிய குறுகிய பட்டையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. முழுதாக வளர்ந்தாலும் மூன்று சென்டிமீட்டரைத் தொடாது. ஆண் பெரும்பாலும் பழுப்பு, உடம்பின் இரு பக்கமும் வெளிர்க்கோடு ஓடும். வளர்ந்த பெண் பளீரென்ற பச்சை. 1982-ல்தான் இதைத் தனி இனம் என்று அறிவியல் உலகம் பதிவு செய்தது. டர்பன் போன்ற பெரிய துறைமுக நகரத்தின் பக்கத்திலேயே இருந்த உயிர், அதுவரை யார் கணக்கிலும் வரவில்லை!

அதற்குக் காரணம் அதன் குரல் என்றுதான் எனக்குப் படுகிறது. அதே சதுப்பில் வண்ண நாணல் தவளைகளும் உண்டு. அவை நூற்றுக்கணக்கில் சேர்ந்து விசில் அடித்தால் காது அடைத்துவிடும். அந்த இரைச்சலுக்கு அடியில், விட்டுவிட்டு, சில்வண்டு போல மெல்லிய ‘சிர்ப்’. அவ்வளவுதான். கூட வந்தவர் தோளைத் தொட்டுக் காட்டிய பிறகுதான் எனக்கே பிடிபட்டது. பார்ப்பது இன்னும் கஷ்டம், நாணலும் கோரையும் அடர்ந்த உள்பகுதியை விட்டு அது வெளியே வராது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே செடியில் முட்டை இடும், பொரிந்த தலைப்பிரட்டைகள் நேராகத் தண்ணீரில் விழும். ஆகவே நாணலும் வேண்டும், அதன் காலடியில் தேங்கிய நீரும் வேண்டும். இரண்டில் ஒன்று போனாலும் அந்த இடத்தில் அதற்கு வாழ்வில்லை.

அந்த நீரைத்தான் இந்தக் கரையில் நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக வடித்துக்கொண்டிருக்கிறார்கள். முதலில் கரும்புக்காக. 1860 நவம்பர் 16-ல் ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து நம் ஆட்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவந்து இறக்கியது இதே டர்பனில்தான். பள்ளத்தில் கால்வாய் வெட்டவும் கரும்பு நடவும் முதலாளி சொன்னதை மறுக்க அவர்களுக்கு ஏது வழி? அந்தப் பழியை அவர்கள் தலையில் வைக்க எனக்கு மனம் வராது. கரும்புக்குப் பின் யூகலிப்டஸ் தோப்புகள், தொழிற்சாலைகள், வீடுகள். எஞ்சியவை துண்டு துண்டான சதுப்புகள். புனித வெள்ளியன்று மாரியம்மன் கோயிலுக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடும் இசிபிங்கோ பக்கத்திலும் அப்படி ஒரு துண்டு உண்டு. மவுண்ட் மோர்லண்ட் சதுப்பு 2010-ல் திறந்த கிங் ஷாகா விமான நிலையத்தின் ஓரத்திலேயே இருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து வரும் தகைவிலான் குருவிகள் அங்கே மாலையில் திரளாக நாணலில் வந்து அடையும். அதைப் பார்க்கக் கூட்டம் வருகிறது. குருவி பார்க்க வந்தவர்கள் இருட்டும் முன் கிளம்பிவிடுகிறார்கள். கொஞ்சம் இருந்து தவளையையும் கேட்டுவிட்டுப் போகலாமே என்று எனக்கு ஆதங்கம்.

2010-ல் இதை அழிவின் விளிம்பில் இருக்கும் இனம் என்று அறிவித்தார்கள். அதற்குப் பிறகு தேடித் தேடிப் புது இடங்களில் கண்டதால், 2016-ல் ஆபத்தை ஒரு படி குறைத்து ‘அழியும் நிலை’ என்று மாற்றினார்கள். காதுகொடுத்துத் தேடிய மனிதர்களால் வந்த மாற்றம் அது. சதுப்பு கூடிவிட்டது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 2017-ல் இதைக் காக்க அரசே ஒரு திட்டத்தை வெளியிட்டது. தென்னாப்பிரிக்காவில் ஒரு தவளைக்கு அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. ஜோகன்னஸ்பர்க் உயிரியல் பூங்காவில் இனப்பெருக்கம் செய்து, வளர்த்த தவளைகளை இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். இசிபிங்கோ பக்கம் உள்ளூர் ஆட்களுக்குக் கூலி கொடுத்து, நீரை உறிஞ்சும் அந்நியச் செடிகளை வெட்டி எடுக்கிறார்கள். கூண்டில் வளர்ப்பதைவிட இந்த வேலையில்தான் எனக்கு நம்பிக்கை. சதுப்பில் தண்ணீர் நின்றால் தவளை தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும்.

நீ பொதுப்பணித் துறையில் வாய்க்கால், வடிகால் என்று முப்பது வருஷம் பார்த்தவன். மேட்டில் வீடுகள் பெருகும்போது மழைநீர் ஒரேயடியாகப் பாய்ந்து சதுப்பை அரித்துவிடுகிறது என்று இங்கே கவலைப்படுகிறார்கள். வேகத்தைக் குறைத்துப் பரவ விட உங்கள் காலத்தில் என்ன செய்வீர்கள்? கண் ஆறியதும் ஒரு படம் போட்டு அனுப்பு, இவர்களிடம் காட்டுகிறேன். அவசரமில்லை.

தங்கைக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் அன்பு.

உன்,
ராமநாதன்