பெரிய தூண்களுக்குப் பின்னால் ஒரு சுப்ரீம் கோர்ட்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இங்கு நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். சென்ற வாரம் தொலைபேசியில், என்னுடன் வேலை பார்ப்பவரின் கார் விபத்து வழக்கு சுப்ரீம் கோர்ட்டில் நடக்கிறது என்று சொன்னதும், "நஷ்டஈட்டு வழக்குக்கு எடுத்த எடுப்பிலேயே சுப்ரீம் கோர்ட்டா?" என்று திகைத்துப்போனீர்கள். மதுரையில் முப்பது ஆண்டுகள் வக்கீல் குமாஸ்தாவாக இருந்த உங்களுக்கு இதை அவசரமாகச் சொல்லி முடிக்க மனம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நியூயார்க் மாநிலத்தில் சுப்ரீம் கோர்ட் என்பது வழக்கை முதலில் விசாரிக்கும் நீதிமன்றத்தின் பெயர். ஏறக்குறைய நம் மாவட்ட நீதிமன்றம் போன்றது. அதற்கு மேல் அப்பீலேட் டிவிஷன், அதற்கும் மேல் ஆல்பனி நகரில் ஏழு நீதிபதிகள் கொண்ட கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ். மாநிலச் சட்டத்துக்கு அது சொல்லும் பொருளே இறுதியானது. பெயர் இப்படித் தலைகீழாக அமைந்ததற்கு வயதுதான் காரணம். ஆங்கிலேயர் காலத்தில், 1691-இல், இந்த சுப்ரீம் கோர்ட் தோன்றியபோது அமெரிக்கா என்ற நாடே கிடையாது. வாஷிங்டனில் உள்ள உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து, 1789-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ் 1846-ஆம் ஆண்டின் மாநில அரசியல் சாசனத்தால் வந்தது. தலைக்கு மேல் வேறு நீதிமன்றங்கள் வந்த பிறகும் பழைய பெயர் நிலைத்துவிட்டது.

நம் ஊரில் முன்சீப் கோர்ட்டில் போட்ட வழக்கு, சட்டம் மத்திய அரசுடையதா மாநில அரசுடையதா என்ற பேதமில்லாமல், ஒரே ஏணியில் ஏறி டெல்லி வரை போகலாம். இங்கே ஏணிகள் இரண்டு. மாநிலங்கள் ஒன்றுசேர்வதற்கு முன்பே அவற்றுக்குச் சொந்த நீதிமன்றங்கள் இருந்தன. சேர்ந்தபோது அவற்றைக் கைவிடவில்லை. அதனால் வாடகை, விவாகரத்து, உயில், விபத்து, பெரும்பாலான குற்ற வழக்குகள் என எல்லாம் மாநில நீதிமன்றங்களுக்கே போகின்றன. இன்னொரு ஏணியான கூட்டாட்சி (மத்திய அரசின்) நீதிமன்றத்துக்குப் போக, அமெரிக்க அரசியல் சாசனத்தையோ காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தையோ சார்ந்த வழக்காக இருக்க வேண்டும். அல்லது வாதியும் பிரதிவாதியும் வெவ்வேறு மாநிலத்தவராகவும், தொகை 75,000 டாலருக்கு மேலாகவும் இருக்க வேண்டும். அந்த ஏணியில் 94 மாவட்ட நீதிமன்றங்களும் 13 மேல்முறையீட்டு நீதிமன்றங்களும் உள்ளன. ஆல்பனியில் தோற்றவர் வாஷிங்டனுக்குப் போக வேண்டுமானால், வழக்கில் கூட்டாட்சிச் சட்டம் பற்றிய கேள்வி ஒன்றாவது இருந்தாக வேண்டும்.

மன்ஹாட்டனில் ஃபோலி சதுக்கத்தில் இந்த இரண்டு ஏணிகளையும் அருகருகே பார்த்தேன். ஒரு பக்கம், படிகளும் பெரிய தூண்களும் கொண்ட அறுகோண வடிவ மாநில சுப்ரீம் கோர்ட். அதை அடுத்து, கோபுரம் போல உயர்ந்து நிற்கும் தர்குட் மார்ஷல் நீதிமன்றக் கட்டடம், அதில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம். கூட்டாட்சி நீதிபதிகளை ஜனாதிபதி செனட்டின் ஒப்புதலோடு ஆயுளுக்கும் நியமிக்கிறார். பக்கத்துக் கட்டடத்து நீதிபதிகளோ கட்சிகளின் பெயரில் தேர்தலில் நின்று 14 ஆண்டுப் பதவிக்கு மக்கள் வாக்கால் வருகிறவர்கள். நீதிபதி வாக்குக் கேட்டு வருவதை என் மனம் இன்னும் ஏற்கவில்லை.

இனி என் விஷயம். பழைய வீட்டுக்காரர் 2,100 டாலர் அட்வான்ஸை இன்னும் திருப்பித் தரவில்லை. வீட்டைக் காலி செய்த 14 நாட்களுக்குள், பிடித்தம் இருந்தால் கணக்கோடு, மீதியைத் தர வேண்டும் என்பது 2019-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம். நம் சென்னை ஸ்மால் காஸ் கோர்ட்டைப் போல, பத்தாயிரம் டாலர் வரையிலான சிறு தொகைகளுக்கு இந்த நகரத்தில் தனிப் பிரிவு உண்டு. இருபது டாலர் கட்டி, வக்கீல் இல்லாமல் நானே மனுக் கொடுத்துவிட்டேன். விசாரணை மாலை ஆறரை மணிக்கு நடக்கிறது. வேலைக்குப் போகிறவர்களுக்கு எவ்வளவு உதவி!

அங்கே நடுவராக வரும் வக்கீல் ஒருவரிடம் அன்றைக்கே வழக்கை முடித்துக்கொள்ளலாம். ஆனால் அவர் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. நீதிபதிதான் வேண்டும் என்றால் இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். வாடகை ரசீதுகளும் சாவியை ஒப்படைத்த நாளின் புகைப்படங்களும் என்னிடம் இருக்கின்றன. நடுவரிடம் போகலாமா, நீதிபதிக்குக் காத்திருக்கலாமா? உங்கள் யோசனையை எழுதுங்கள்; அதன்படியே செய்கிறேன்.

அம்மாவுக்கு என் அன்பு.

உங்கள் அன்பு மகன்